பாக்டீரியாவையும் கணக்கையும் சேர்த்துப் படித்தால் விஞ்ஞானி ஆகலாமா?

கேள்வி: கடலூரில் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி கடைசி வருடம் படிக்கிறேன். பாக்டீரியாவை முழுக்க முழுக்க கம்ப்யூட்டரில் வைத்தே ஆராய்கிற விஞ்ஞானிகள் இருக்கிறார்கள் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். கம்ப்யூட்டேஷனல் சிஸ்டம்ஸ் பயாலஜி என்று பெயர். அவர்கள் தினமும் என்னதான் செய்வார்கள்? அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா? ப்ளஸ் டூவில் நான் கணக்கு எடுக்கவில்லை. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள்.

பதில்:

முடியும், தம்பி. ஆனால் "முழுக்க முழுக்க கம்ப்யூட்டரில்" என்று கேட்டுக்கொண்டு வந்தீர்களே, அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தத் துறையில் பெயர் சொல்லும்படி வேலை செய்தவர்களைப் பார்த்தால், அவர்களுக்கோ அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கோ பாக்டீரியாவை நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு பல வருடங்களாக இதே வேலையைச் செய்கிறவன். நீங்கள் மூன்று வருடம் பெட்ரி தட்டும் ஆட்டோகிளேவுமாகக் கழித்திருக்கிறீர்கள். அது வீணாகாது. கணக்குப் பக்கத்தில் இருந்து வருகிற மாணவர்களுக்கு இல்லாத பலம் அது.

என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். 1995-ல் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே பாக்டீரியாவின் ஜீனோம், அதாவது அதன் மொத்த டி.என்.ஏ. எழுத்துத் தொடர், முழுதாக வெளிவந்தது. தனித்து வாழும் ஓர் உயிரின் ஜீனோமை முழுமையாகப் படித்தது அதுதான் முதல் முறை. இரண்டே வருடத்தில் ஈ.கோலி கே-12 வந்தது: 46 லட்சம் எழுத்துகள், ஏறக்குறைய 4,300 மரபணுக்கள். பட்டியல் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, இந்த செல் குளுக்கோஸில் எவ்வளவு வேகமாக வளரும், எந்த மரபணுவை எடுத்தால் சாகும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர்கள்தான் இவர்கள்.

அமெரிக்காவில் சான் டியாகோவில் பெர்ன்ஹார்ட் பால்சனின் குழு எடுத்த வழியைச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீங்கள் இன்று மாலையே செய்து பார்க்கலாம். செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளை எல்லாம் ஓர் அணியாக, அதாவது எண்களை அடுக்கிய கட்டமாக (மேட்ரிக்ஸ்), எழுதுகிறார்கள். ஒவ்வொரு கிடை வரிசையும் ஒரு பொருள், ஒவ்வொரு செங்குத்து நிரலும் ஒரு வினை. ஒரு வினையில் ஒரு பொருள் செலவானால் கழித்தல் குறி, உருவானால் கூட்டல் குறி. செல் சீராக வளர்ந்துகொண்டிருக்கும்போது உள்ளே எந்தப் பொருளும் தேங்கவும் கூடாது, தீர்ந்துபோகவும் கூடாது. உருவாகிற வேகமும் செலவாகிற வேகமும் சமமாக இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு உள்பட்டு, செல் அதிகபட்சம் எவ்வளவு வேகமாக வளரலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஃப்ளக்ஸ் பேலன்ஸ் அனாலிசிஸ் என்று இதற்குப் பெயர். கணித முறை நேரியல் திட்டமிடல் (லீனியர் புரோகிராமிங்). நம் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. காமர்ஸ் குரூப் பிள்ளைகள் படிக்கிறார்கள், பயாலஜி குரூப்புக்கு வைப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

சரி, செய்து பார்க்கலாம். கோப்ராபை என்று ஒரு பைத்தான் தொகுப்பு இருக்கிறது, இலவசம். கூகுள் கோலாபில் பிரௌசரிலேயே ஓடும், உங்கள் லேப்டாப்பில் எதுவும் நிறுவ வேண்டாம். அதோடு ஈ.கோலியின் மைய வளர்சிதை மாற்றத்துக்கு ஒரு சின்ன மாதிரியும் (மாடல்) வருகிறது: 72 பொருள்கள், 95 வினைகள், 137 மரபணுக்கள். கிளைகாலிசிஸ், டி.சி.ஏ. சுழற்சி, பென்டோஸ் பாஸ்பேட் பாதை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நீங்கள் செகண்ட் இயரில் மனப்பாடம் செய்த அதே படங்கள்தான்.

ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்கு 10 மில்லிமோல் குளுக்கோஸ் உள்ளே போகலாம், ஆக்சிஜனுக்குத் தடையில்லை என்று வைத்து ஓட்டினால், வளர்ச்சி வேகம் மணிக்கு 0.874 என்று வரும். அதாவது சுமார் 48 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஆக்சிஜனை மூடிவிட்டு ஓட்டுங்கள்: 0.212. இரட்டிப்பாக மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கூடவே ஃபார்மேட், அசிட்டேட், எத்தனால் வெளியே வரும். மிக்ஸ்டு ஆசிட் ஃபெர்மென்டேஷன் என்று தேர்வில் எழுதியிருப்பீர்கள். அந்த மாதிரிக்கு யாரும் அதைத் தனியாகச் சொல்லித் தரவில்லை. அணியும் சமன்பாடும் போதும், அதுவே வந்து விழுகிறது. முதல் தடவை பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

இனிதான் முக்கியமான இடம். பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் ஞாபகம் இருக்கிறதா? கிளைகாலிசிஸின் மூன்றாவது படி. ஈ.கோலியில் அந்த நொதிக்கு இரண்டு மரபணுக்கள்: பி.எஃப்.கே.ஏ, பி.எஃப்.கே.பி. மாதிரியில் முதலாவதை மட்டும் நீக்கிப் பாருங்கள். வளர்ச்சி அதே 0.874. இரண்டையும் சேர்த்து நீக்கினால் 0.704-க்கு இறங்கும், சாகாது. பென்டோஸ் பாஸ்பேட் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். இப்போது உண்மையான பாக்டீரியாவுக்கு வாருங்கள். அந்த நொதியின் வேலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செய்வது பி.எஃப்.கே.ஏ தான். அதை எடுத்துவிட்டால் குளுக்கோஸில் அந்த செல் தெளிவாகவே தளர்ந்துபோகிறது. மாதிரி "ஒன்றும் ஆகாது" என்றது. செல் "ஆகும்" என்கிறது.

ஏன்? மாதிரிக்கு ஒரு மரபணு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு நொதி உருவாகிறது என்பது தெரியாது. அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் தங்கள் ஆராய்ச்சி வாழ்க்கையையே அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். புரதத்தின் அளவையும், அதை உருவாக்க செல் கொடுக்கும் விலையையும் கணக்குக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பது இன்றைக்கும் சூடான கேள்வி. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் வேகமாக வளரும் ஈ.கோலி ஏன் அசிட்டேட்டை வெளியே கொட்டுகிறது? இந்தச் சின்ன மாதிரி அதைக் காட்டாது. எல்லா கார்பனையும் உடம்பாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றி முடித்துவிடும். 2015-ல் டெரன்ஸ் ஹ்வா என்ற விஞ்ஞானியின் குழு அதற்கு விடை கொடுத்தது: ஒரே அளவு ஆற்றலுக்கு, சுவாசப் பாதையின் நொதிகளைக் கட்டுவதற்கு நொதித்தல் பாதையை விட அதிகப் புரதம் பிடிக்கிறது. வேகமாக வளரும் செல்லுக்குப் புரதம்தான் தட்டுப்பாடு. அதனால் மலிவான பாதையை எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் மாணவர்களிடம் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இதுதான். 2006-ல் ஜப்பானில் ஹிரோட்டாடா மோரியும் கூட்டாளிகளும் ஈ.கோலியின் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி ஒரு பெரிய தொகுப்பை உருவாக்கினார்கள். கெய்யோ தொகுப்பு என்று பெயர். 3,985 மரபணுக்களைத் தனித்தனியே நீக்க முடிந்தது. 303-ஐ நீக்க முடியவில்லை. மாதிரி சொல்வதைச் சரிபார்க்க உலகத்துக்கே அது உரைகல் ஆனது. அடுத்து மைய வளர்சிதை மாற்றத்தில் இரண்டு மூன்று மரபணுக்களைச் சேர்த்து நீக்கிப் பார்த்தார்கள். பென்டோஸ் பாஸ்பேட் பாதையில் வரும் டிரான்ஸ்ஆல்டோலேஸ் நொதியின் இரண்டு மரபணுக்களையும் எடுத்துவிட்டால், சைலோஸ் என்ற சர்க்கரையை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது என்பது பாடப்புத்தகப் படத்தைப் பார்த்தாலே தெரியும். அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். வளர்ந்தது.

படத்தில் இல்லாத ஏதோ ஒரு வழி இருக்க வேண்டும். தேடினார்கள். செல்லுக்குள் அந்தப் பாதையின் இடைப்பொருளான செடோஹெப்டுலோஸ்-7-பாஸ்பேட் குவிந்திருந்தது. அதைப் பிடித்து இன்னொரு பாஸ்பேட்டை ஒட்டியது யார் தெரியுமா? நம் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ். பிறகு கிளைகாலிசிஸின் ஆல்டோலேஸ் அதை இரண்டாக வெட்டிக் கொடுக்கிறது. உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட பாக்டீரியாவில், எல்லாக் கல்லூரியிலும் சுவரில் மாட்டிய படத்தில், 2009 வரை ஒருவர் கண்ணிலும் படாமல் ஒரு பாதை இருந்திருக்கிறது. கணக்கும் தட்டும் ஒத்துப்போகாததால்தான் அது வெளியே வந்தது.

இந்தத் துறையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் இதில் அடங்கிவிடும். மாதிரியும் பாக்டீரியாவும் முரண்படுகிற இடத்தில் பொறுமையாக உட்காரத் தெரிந்தவர்தான் இங்கே விஞ்ஞானி. புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். முரண்பாட்டைப் பார்த்தவுடன் "டேட்டா சரியில்லை" என்று ஒதுக்கிவிடாமல், எந்த வினை விட்டுப்போயிருக்கும், எந்த நொதிக்கு இன்னொரு வேலை இருக்கும் என்று யோசிக்க உயிர்வேதியியல் வேண்டும். தினசரி வேலை என்று பார்த்தால் பாதி நேரம் பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பதுதான். ஒரு வினைக்கு என்.ஏ.டி. வேண்டுமா என்.ஏ.டி.பி. வேண்டுமா என்று உறுதிசெய்ய அரை நாள் போய்விடும். ஈ.கோலிக்கு 2017-ல் வந்த மாதிரியில் 1,515 மரபணுக்களும் 2,719 வினைகளும் இருக்கின்றன. அத்தனையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்துச் சரிபார்த்தவை.

வாழ்க்கைப் பாதை பற்றி. நம் ஊர்க்காரர்களே கண்முன் இருக்கிறார்கள். காசநோய் பாக்டீரியாவின் மேலுறையில் மைகாலிக் அமிலம் என்று ஒன்று உண்டு. ஐசோநயாசிட் மருந்து அடிப்பது அந்த அமிலம் உருவாகும் பாதையைத்தான். 2005-ல் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் கார்த்திக் ராமன், ப்ரீதி ராஜகோபாலன், நாகசுமா சந்திரா மூவரும் அந்தப் பாதைக்கு மட்டும் ஒரு மாதிரி கட்டினார்கள்: 197 பொருள்கள், 219 வினைகள், 28 புரதங்கள். எந்தப் புரதத்தைத் தடுத்தால் பாதை நிற்கும் என்று கணக்கிட்டு, மருந்துக்கு இலக்காகக்கூடியவற்றைச் சொன்னார்கள். கார்த்திக் ராமன் அப்போது ஆய்வு மாணவர். பிறகு சூரிச்சில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி), பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் இதே துறைக்கு அவர் எடுத்த பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜி படித்த மதன் பாபு, கேம்பிரிட்ஜ் போய் ஈ.கோலியின் மரபணுக் கட்டுப்பாட்டு வலைகளை ஆராய்ந்து பெயர் பெற்றார். இவர்களுடைய கட்டுரைகளை வருட வரிசையில் எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு விஞ்ஞானியின் கேள்வி எப்படி வளர்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

காலம், பணம் இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன், வீட்டில் பேச உங்களுக்கு வேண்டும். எம்.எஸ்ஸி. இரண்டு வருடம். பிஎச்.டி. ஐந்து, ஆறு வருடம். அதன் பிறகு போஸ்ட்டாக் சில வருடம். சொந்தமாக ஒரு குழு அமைக்கும்போது முப்பத்தைந்தை நெருங்கியிருப்பீர்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, கூடவே வீட்டு வாடகைப் படி. 2023 ஜனவரியில் இருந்து இதுதான் விகிதம். பிஎச்.டி. காலத்தில் கையேந்த வேண்டியிருக்காது, ஆனால் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கவும் முடியாது. பேராசிரியர் பதவிகள் குறைவு, போட்டி அதிகம். கல்லூரி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே, நொதித்தல் தொழிலும் குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சியும் செய்கிற கம்பெனிகள் பெங்களூரு, ஹைதராபாத், புனே பக்கம் ஆள் எடுக்கின்றன. பைத்தானும் புள்ளியியலும் கையில் இருப்பதால், இந்தத் துறையை விட்டு வெளியே வந்தாலும் வேலை கிடைக்காமல் நிற்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டில் பி.எட். சொல்வதை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவர்கள் கேட்பது நிச்சயமான வருமானம். "இரண்டு வருடம் எம்.எஸ்ஸி. படிக்கிறேன், அதற்குள் நெட் எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை என்றால் அப்புறம் பி.எட்." என்று ஒரு கணக்கோடு போய் அப்பாவிடம் உட்காருங்கள். பெரும்பாலான அப்பாக்கள் அதற்கு இறங்கி வருவார்கள்.

ப்ளஸ் டூ கணக்கு இல்லாதது குறைதான், ஆனால் தீர்க்கக்கூடிய குறை. உங்களுக்கு முதலில் வேண்டியது அணி, மடக்கை, நேரியல் திட்டமிடல், கொஞ்சம் வகைக்கெழு. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் முதல் பாடமே அணிகள்தான், தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தினம் ஒரு மணி நேரம், பேனாவும் பேப்பருமாக. வீடியோ பார்த்து அணி வராது. மூன்று பொருள், நான்கு வினை உள்ள ஒரு கற்பனை செல்லை நீங்களே வரைந்து, அதன் அணியைக் கையால் எழுதிப் பாருங்கள். அது புரிந்துவிட்டால் 2,719 வினைகளும் புரிந்துவிடும், அளவுதான் பெரிது.

இங்கேயே இருந்து தொடங்க முடியுமா என்ற யோசனையும் இருக்கும். தாராளமாக. காலாப்பட்டில் பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் துறை இருக்கிறது, எம்.எஸ்ஸி.க்கு க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கடலூரில் இருந்து பாண்டி பஸ் ஸ்டாண்ட் வந்து ஈ.சி.ஆர். பஸ் மாறினால் போய்விடலாம். உங்கள் மாவட்டத்திலேயே பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. உப்பு ஏறி இறங்கும் அந்தத் தண்ணீரிலும் பிச்சாவரம் சேற்றிலும் வாழும் பாக்டீரியாக்கள் எப்படி ஒன்றுக்கொன்று உணவைக் கைமாற்றிக்கொள்கின்றன என்பது ஒரு வாழ்நாள் கேள்வி. பல இனங்களைச் சேர்த்து மாதிரி கட்டுவது இன்றைக்கு வேகமாக வளரும் பகுதி.

என்னை அதிகம் இழுப்பது வேறொன்று. பாண்டியில் இந்திரா நகரில் ஐ.சி.எம்.ஆரின் வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் (நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மையம்) 1975-ல் இருந்து இருக்கிறது. 2022-ல் அவர்கள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை உடம்பில் சுமக்கும், டெங்கு பரப்பும் இனமான ஏடிஸ் எஜிப்டி கொசுக்களை உருவாக்கிவிட்டதாக அறிவித்தார்கள். டபிள்யூ.மெல், டபிள்யூ.ஆல்ப்.பி என்று இரண்டு வகை. வோல்பாக்கியா உள்ள கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருக முடியாது. இந்த பாக்டீரியாவின் ஜீனோம் மிகச் சின்னது, டபிள்யூ.மெல்லுக்கு 12.7 லட்சம் எழுத்துகள்தான், 2004-லேயே படித்தாயிற்று. பல அமினோ அமிலங்களை அதற்குத் தானாகச் செய்யத் தெரியாது, கொசுவின் செல்லிடம் வாங்கிக்கொள்கிறது. செல்லுக்கு வெளியே, உங்கள் நியூட்ரியன்ட் அகார் தட்டில், அது வளரவே வளராது. அப்படிப்பட்ட உயிரிடம் "எதை வாங்குகிறாய், எதைக் கொடுக்கிறாய்" என்று கேட்க வேண்டுமானால் கணக்கு வழியாகத்தான் முதல் அடி வைக்க முடியும். கடலூரும் பாண்டியும் ஒவ்வொரு மழைக்காலமும் டெங்குவோடு போராடுகிற ஊர்கள். இந்தக் கேள்வி நம் வாசலில் இருக்கிறது, யாராவது எடுக்க வேண்டும்.

கடைசி வருட புராஜெக்ட்டுக்கு இன்னும் தலைப்பு முடிவாகவில்லை என்றால் இதைச் செய்யுங்கள். நோய் உண்டாக்காத ஈ.கோலி கே-12 லேப் ஸ்ட்ரெய்ன் ஒன்றை எடுத்து எம்-9 மினிமல் மீடியத்தில் வளர்க்கவும். ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் கிளிசரால், ஒன்றில் அசிட்டேட். 600 நானோமீட்டரில் ஓ.டி. (கலங்கலின் அளவு) எடுக்கவும். ஸ்பெக்ட்ரோ இல்லாவிட்டால் கலரிமீட்டரே போதும். அரை மணிக்கு ஒருமுறை அளந்து, ஓ.டி.யின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடாக ஏறும் பகுதியின் சாய்வுதான் வளர்ச்சி வேகம். நியூட்ரியன்ட் பிராத்தில் இருந்து நேராக மாற்றினால், வளரத் தொடங்கும் முன் காத்திருக்கும் லேக் ஃபேஸ் நீண்டுபோகும். முதல் நாள் இரவே எம்-9-இல் பழக்கிவிடுங்கள். அசிட்டேட் குடுவை மிக மெதுவாக ஏறும், பொறுமையாக இருங்கள். 2017-ல் வந்த அந்த முழு மாதிரியை இறக்கி, மூன்று உணவுக்கும் வளர்ச்சியைக் கணக்கிடவும். மாதிரியின் ஃபைலில் கிளிசரால் வேறு பெயரில் இருக்கும், தேடிக்கொள்ளுங்கள். நீங்கள் அளந்த எண்ணும் மாதிரி சொன்ன எண்ணும் பொருந்தாது. குளுக்கோஸ் உள்ளே போகும் வேகத்தை நீங்களாக 10 என்று வைத்தீர்களே, உங்கள் குடுவையில் அது எவ்வளவு? அதை அளக்க முடியுமா? டி.என்.எஸ். முறையில் மீடியத்தில் குறையும் குளுக்கோஸை அளக்கலாம், அது உங்கள் பிராக்டிக்கல் நோட்டிலேயே இருக்கும்.

அந்த மூன்று குடுவைகளின் வரைபடத்தையும், கணக்கு சொன்ன எண்களையும், எங்கே பொருந்தவில்லை, ஏன் என்று நினைக்கிறீர்கள் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எம்.எஸ்ஸி. சேர்ந்த பிறகு கோடை புராஜெக்ட்டுக்கு ஆராய்ச்சியாளர்களுக்கு மெயில் எழுதும்போது பயோடேட்டாவோடு அந்த ஒரு பக்கத்தை இணையுங்கள். எனக்கு வரும் மெயில்களில் "உங்கள் மகத்தான ஆராய்ச்சியில் ஆர்வம்" என்று தொடங்குகிறவைதான் அதிகம், அவற்றில் யார் என்ன செய்தார் என்றே தெரியாது. இப்படி ஒரு பக்கம் வந்தால் நான் முழுதாகப் படிப்பேன், அன்றைக்கே பதில் போடுவேன்.